உருவான தேதி: 2025 ஏப்ரல் 30

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டு தலைமுறையாகச் சுங்குடிச் சேலை விற்கும் கடை அது. பெயரும் இணைய முகவரியும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். மற்றபடி தேதிகள், பதிவில் இருந்த வரிகள், எடுத்த நடவடிக்கைகள் எல்லாம் நடந்தபடியே.

2025 ஆடி பிறந்த வாரம் கடைக்கு ஒரு போன். சென்னையிலிருந்து ஒரு அம்மா. "உங்க வெப்சைட்ல ரெண்டு சேலைக்குப் பணம் கட்டினேன், இன்னும் வரல." கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் இணையத்தில் விற்பதை நிறுத்தியே வெகுநாள் ஆகிறது. ஆர்டர் எல்லாம் வாட்ஸப்பில்தான். அடுத்தடுத்து சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் அதே புகார். கடையின் முகவரியைத் தட்டிப் பார்த்தால் கடையின் பெயர், கடையின் சேலைப் படங்கள், "ஆடித் தள்ளுபடி 70 சதவீதம்" என்று பளபளப்பாக ஒரு தளம் நிற்கிறது. கட்டுச் சுங்குடிக்கு எழுபது சதவீதத் தள்ளுபடி என்பதே பொய் என்று மதுரைக்காரர் யாருக்கும் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சுப் போட்டு எடுப்பது. ஆனால் சென்னையில் இருப்பவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லையே.

"யாரோ ஹேக் பண்ணிட்டாய்ங்க தம்பி" என்றார் கடைக்காரர். அவருடைய தங்கை மகன் கல்லூரியில் கணினி படிப்பவர், கையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார். "டொமைன் நம்மகிட்டதான் மாமா இருக்கு. 2026 பிப்ரவரி வரைக்கும்னு போட்டுருக்கு பாருங்க." ஹேக் என்றால் போக வேண்டிய வழி ஒன்று, முகவரியே கைமாறிப் போயிருந்தால் போக வேண்டிய வழி வேறு. எது என்று தெரியாமல் யாரிடம் புகார் கொடுத்தாலும் வீண். முதலில் பார்க்க வேண்டியது டொமைனின், அதாவது இணைய முகவரியாக நாம் வாங்கும் பெயரின், பதிவுத் தகவல்.

பதிவில் என்ன இருந்தது

நிலம் வாங்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் இல்லையா, டொமைனுக்கும் அப்படி ஒரு பொதுப் பதிவு உண்டு. ஒரு பெரிய வித்தியாசம்: வில்லங்கச் சான்றில் முப்பது வருடத்துக் கைமாற்றமும் வரிசையாக வரும், டொமைன் பதிவில் இன்றைய நிலை மட்டும்தான். நேற்று யாரிடம் இருந்தது என்று அது சொல்லாது. இருக்கும் நாலைந்து வரிகளிலிருந்து நாம்தான் பழைய கதையைக் கட்ட வேண்டும்.

பார்த்த இடம், உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கம். டாட் காம் மாதிரியான பொதுப் பெயர்களுக்கு அதுவே போதும்; இலவசம். கூகுளில் தேடினால் முதலில் வருகிற பத்துப் பதினைந்து தளங்கள் தனியாருடையவை. அவற்றில் பல, என்றோ எடுத்து வைத்த பழைய நகலைத்தான் காட்டும். எப்போது எடுத்தது என்பது எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மருமகன் காட்டிய ஸ்கிரீன்ஷாட் அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து வந்தது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஐகேன் பக்கத்தில் வந்தவை இவை. பதிவு செய்த நிறுவனம், அதாவது ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுக் கம்பெனி. உருவான தேதி 2025 ஏப்ரல் 30, நேரம் 18:26. முடியும் தேதி 2026 ஏப்ரல் 30. நிலை 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்': வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி வழக்கமாகப் போடும் பூட்டு, அதில் விசேஷம் இல்லை. நேம்சர்வர், அதாவது முகவரியைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்பவை, இரண்டும் ஒரு பெரிய சி.டி.என். (தளங்களை வேகமாகக் கொண்டு சேர்க்கும்) நிறுவனத்துடையவை. உரிமையாளர் பெயர், முகவரி, தொலைபேசி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'மறைக்கப்பட்டது'. கடைசியாக, முறைகேடு குறித்துப் புகார் செய்ய ரெஜிஸ்ட்ராரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும்.

பெயர் இல்லை என்றதும் கடைக்காரர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இதுல ஒண்ணுமே இல்லையா?" எனக்கோ பெயரைவிடப் பெரிய செய்தி அந்தத் தேதியில் இருந்தது.

கடைக்காரர் ரசீதுகளைக் கோப்புப் போட்டு வைக்கிற ஆள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் முதல் பில்லில் தேதி 2013 பிப்ரவரி 9. ஹேக் செய்திருந்தால், அல்லது யாரோ ரெஜிஸ்ட்ரார் கணக்கில் புகுந்து பெயரைத் தன் பக்கம் மாற்றியிருந்தால், உருவான தேதி 2013 என்றேதான் இருக்கும். பெயர் கைமாறினாலும் உருவான தேதி மாறாது. அது மாறுவதற்கு ஒரே வழிதான் உண்டு: பழைய பதிவு முழுவதுமாக அழிந்து, பிறகு யாரோ புதிதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே இது திருட்டு இல்லை. காலாவதியாகி விழுந்த பெயரை யாரோ பொறுக்கியிருக்கிறார்கள்.

எப்போது காலாவதியானது? பின்னோக்கிக் கணக்குப் போடலாம். டாட் காம் பெயர் முடியும் நாளில் உடனே அழிந்துவிடுவதில்லை. முதலில் அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம். அதில் வழக்கமான கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்குள் கட்டாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் அழித்துவிடுவார், ஆனால் ரெஜிஸ்ட்ரியில், அதாவது எல்லா டாட் காம் பெயர்களுக்குமான மூலப் பதிவேட்டில், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்க நல்ல அபராதம் ஆகும். அதுவும் போனால் 5 நாள் யாரும் தொட முடியாத நிலை. பிறகு பெயர் பொதுவுக்கு வந்துவிடும். மொத்தம் 80 நாள். ஏப்ரல் 30-லிருந்து 80 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 9. பில்லில் இருந்த அதே தேதி.

18:26 என்ற நேரத்தையும் விடக்கூடாது. அது உலகப் பொது நேரம். நம் கணக்கில் இரவு 11:56. காலாவதியான டாட் காம் பெயர்கள் பொதுவுக்கு வருவது அமெரிக்கக் கிழக்குக் கரையின் பிற்பகல் 2 மணியை ஒட்டி. ஏப்ரலில் அது உலகப் பொது நேரம் 18:00. அதாவது பெயர் விழுந்த அரை மணிக்குள் பிடிபட்டிருக்கிறது. இப்படிப் பிடிப்பதையே தொழிலாக வைத்து, அதற்கென்று எழுதிய நிரலை ஓட்டுகிறவர்கள் உண்டு. பன்னிரண்டு வருடம் பழக்கமான, கூகுளில் நல்ல இடத்தில் நிற்கிற, பல தளங்களிலிருந்து இணைப்பு உள்ள பெயருக்கு அந்தச் சந்தையில் மதிப்பு. கடை மதுரையில் இருப்பதோ சுங்குடி விற்பதோ அவர்களுக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. முதலில் பிடித்தவரும் பிறகு போலிக்கடை போட்டவரும் ஒருவரேயா என்றுகூட இந்தப் பதிவு சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. காலாவதியான பெயரைப் பல ரெஜிஸ்ட்ரார்கள் அழிக்க விடாமல் சலுகைக் காலத்திலேயே ஏலம் விட்டுவிடுவார்கள். அப்படி விற்றால் உருவான தேதி பழையதாகவே தொடரும். பழைய தேதி இருக்கிறது என்பதாலேயே 'பெயர் இன்னும் நம்மிடம்தான்' என்று நிம்மதி அடையக் கூடாது. தேதி புதிதாக இருந்தால்தான் அது உறுதியாக ஒன்றைச் சொல்கிறது.

மருமகனின் ஸ்கிரீன்ஷாட்

அது போலி இல்லை. உண்மையான பதிவுதான், ஆனால் மார்ச் மாதத்தில் எடுத்த நகல். பிப்ரவரியில் முடிந்துபோன பெயருக்கு மார்ச்சில் எப்படி '2026 பிப்ரவரி 9 வரை' என்று வரும்?

டாட் காம் பதிவேட்டை நடத்துவது வெரிசைன் நிறுவனம். ஒரு பெயர் முடியும் நாள் வந்ததும் வெரிசைன் அதைத் தானாகவே ஒரு வருடம் நீட்டிவிடும். அதற்கான பணத்தை ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் எழுதிக்கொள்ளும். உரிமையாளர் பணம் கட்டாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் 45 நாளுக்குள் பெயரை அழித்துத் தன் பணத்தைத் திரும்பப் பெறுவார். இடைப்பட்ட அந்தக் காலத்தில் ரெஜிஸ்ட்ரியின் பதிவைப் பார்க்கிறவருக்கு அடுத்த வருடத் தேதி தெரியும். யாரும் ஒரு பைசா கட்டியிருக்க மாட்டார்கள்!

சில பதிவுகளில் 'ஆட்டோ ரினீவ் பீரியட்' என்று ஒரு நிலையும் சேர்ந்து வரும். ஸ்கிரீன்ஷாட்டை நகர்த்திப் பார்த்தோம், கீழே அந்த வரி இருந்தது. அதற்கு அர்த்தம் யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்லூரிப் பாடத்தில் இது வராது. டொமைன் வியாபாரத்தில் இருக்கிற சிலருக்கே தெரியாது. ரெஜிஸ்ட்ரியின் தேதியையும் ரெஜிஸ்ட்ராரின் தேதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு வருடம் வித்தியாசம் வந்தால் பெயர் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். ஐகேன் பக்கம் இரண்டு இடத்திலிருந்தும் எடுக்கிறது. அங்கே வருகிற மூலப் பதிலைத் திறந்து பார்த்தால் இது தெரியும். அந்த ஸ்கிரீன்ஷாட் எடுத்த மார்ச்சில் யாராவது இதைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சாதாரண ரினீவல் தொகையோடு வேலை முடிந்திருக்கும்.

உரிமையாளர் பெயர் ஏன் மறைந்தது

கடைக்காரர் இதை விடவில்லை. "நம்ம கடை வாசல்ல கடை போட்டிருக்கான். யாருன்னு சொல்ல மாட்டேங்கிறாய்ங்க, அது என்ன நியாயம்?" நியாயமான கேள்விதான்.

இந்தப் பதிவு தொடங்கியபோது அதன் நோக்கமே யார் என்று சொல்வதுதான். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில், கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதை நடத்தியது. 1982-இல் 'ஹூ இஸ்' முறைக்கு எழுத்து வடிவம் கிடைத்தது. வலையைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் பெயர், தபால் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும். யார் கேட்டாலும் கணினியின் 43 என்ற வாசலில் (போர்ட்) பதில் கிடைக்கும். அன்று எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். உலகமே உள்ளே வந்த பிறகும் அதே வழக்கம் தொடர்ந்தது. சில வருடம் முன்பு டொமைன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: வாங்கிய மறுநாளே "சார், வெப்சைட் டிசைன் பண்ணணுமா?" என்று போன் மேல் போன் வரும். எண்ணை எடுத்தது இந்தப் பதிவிலிருந்துதான்.

2018 மே 25-இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப ஐகேன் அவசர விதி ஒன்றைக் கொண்டுவர, பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் ஐரோப்பியர், இந்தியர் என்று பிரித்துக்கொண்டிராமல் தனிநபர் விவரங்களை மொத்தமாக மறைத்தார்கள். 2025 ஜனவரி 28-க்குப் பிறகு டாட் காம் போன்ற பெயர்களுக்கு அந்தப் பழைய 43-ஆம் வாசலைத் திறந்து வைக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. இப்போதுள்ள முறை ஆர்.டி.ஏ.பி.; பாதுகாப்பான இணைய இணைப்பில், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவத்தில் பதில் தருவது. பழைய 'ஹூ இஸ்' கட்டளையைக் கணினியின் கட்டளைத் திரையில் அடித்துப் பதில் வரவில்லை என்று குழம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

பெயர் மறைக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. மறைக்காத காலத்திலும் மோசடிக்காரன் உண்மைப் பெயரைக் கொடுத்ததில்லை. மாட்டியவர்கள் எல்லாம் ஒழுங்காக விவரம் கொடுத்த நம்மைப் போன்றவர்கள்தான்.

அறிவிப்புகள் எங்கே போயின

ரெஜிஸ்ட்ரார் சும்மா இருந்திருக்க முடியாது. முடியும் தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்து ஐந்து நாளுக்குள் ஒன்று என நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகேன் விதி. கடைக்கு எதுவும் வரவில்லை. வெப்சைட் செய்து கொடுத்தவரின் எண்ணைத் தேடிப் பிடித்தோம். மதுரையில் அலுவலகத்தை மூடிவிட்டு இப்போது திருப்பூரில் வேறு வேலையில் இருக்கிறார்.

அவர் ஒளிக்கவில்லை. "அண்ணே, எல்லா கஸ்டமருக்கும் எங்க கம்பெனி பேர்லதான் புக் பண்ணுவோம். கம்பெனியை மூடும்போது எல்லாருக்கும் வாட்ஸப்ல சொன்னேன்ணே, மாத்திக்கங்கன்னு." கடைக்காரரின் போனில் அந்தச் செய்தி இருந்தது. பொங்கல் வாழ்த்துகளுக்கு நடுவே, யாரும் திறக்காத ஒரு பி.டி.எஃப்.

அதாவது பன்னிரண்டு வருடமாகப் பணம் கட்டியது கடை, பதிவேட்டில் உரிமையாளர் டிசைனரின் நிறுவனம். பதிவில் இருந்த மின்னஞ்சலும் அந்த நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருந்தது. நிறுவனத்தை மூடியபோது அந்த டொமைனையும் அவர் புதுப்பிக்கவில்லை. ரெஜிஸ்ட்ரார் அனுப்பிய மூன்று கடிதமும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கின்றன. மதுரையில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கச் சின்னக் கடைகளின் டொமைன் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கும் என்பது என் ஊகம். வேலை சுலபமாக முடியட்டும் என்று டிசைனர் தன் கணக்கில் போடுகிறார். கடைக்காரர் வெப்சைட் திறந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார். இருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை.

போலிக்கடையைவிடப் பெரிய ஆபத்து

பதிவைப் பார்த்த கையோடு அந்தப் பெயரின் டி.என்.எஸ். பதிவுகளையும், அதாவது அந்த முகவரிக்கு வருவதை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பதிவுகளையும், பார்த்தோம். வெப்சைட்டுக்கான பதிவு மட்டும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மின்னஞ்சலை வாங்குவதற்கான எம்.எக்ஸ். பதிவும் இருந்தது. புதிய உரிமையாளர் அந்த முகவரிக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் தன் பெட்டியில் விழும்படி வைத்திருக்கலாம்.

"இந்த டொமைன்ல உங்களுக்கு மெயில் ஐடி இருந்துச்சாண்ணே?" என்றேன். இருந்திருக்கிறது. நடைமுறையில் அதை யாரும் திறப்பதில்லை, ஆனால் ஜி.எஸ்.டி. பதிவில் அந்த மின்னஞ்சல். கூரியர் கணக்கில் அதுவே. இன்ஸ்டாகிராம் கணக்கை மீட்பதற்குக் கொடுத்திருந்த முகவரியும் அதுவே. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்று யாரோ ஒரு முறை அழுத்தினால் போதும், இணைப்பு அவர் பெட்டிக்குப் போய்விடும்.

சேலை வாங்கி ஏமாந்தவர்களின் விஷயத்துக்கு முன்பே அந்தச் சாயங்காலம் செய்தது இதுதான். இன்ஸ்டாகிராம், கூரியர், கூகுள் வணிகப் பக்கம் எல்லாவற்றிலும் மின்னஞ்சலை மாற்றினோம். ஜி.எஸ்.டி.யில் மின்னஞ்சலையும் மொபைலையும் மாற்றுவது அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத சிறு திருத்தம். கணக்கரே முடித்துக் கொடுத்தார். நல்லவேளையாக எந்தக் கணக்கும் பறிபோயிருக்கவில்லை.

தளம் எப்போது எழுந்தது என்று பார்க்க இன்னொரு பொதுப் பதிவு உதவியது. ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கும்போது அது பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் தேடலாம். இந்தப் பெயருக்கு மே மாதத்தில் ஒன்று, ஜூலை 3-இல் இன்னொன்று. ஜூலையில் வந்ததில் 'ஷாப்' என்று ஒரு துணைப்பெயரும் சேர்ந்திருந்தது. ஆடிக்குக் கணக்காகத்தான் கடை விரித்திருக்கிறார்கள். சேலைப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் இருந்த 2025 ஜனவரி நகல் பதில் சொன்னது: பழைய தளத்தின் அதே படங்கள், அதே எண் வரிசை.

புகார்

பணம் இழந்தவர்களிடம் முதலில் சொன்னது இணையப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லித்தான். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. நாள் கடந்துவிட்டால் குறைவு. அவர்கள் தரப்பில் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிந்தார்கள். கடையின் சார்பில் ஆள்மாறாட்டப் புகார் தனியாகப் போனது. காவல் துறை ரெஜிஸ்ட்ராரிடம் கேட்கும் விவரம் தனி வழி. அது நம் கையில் இல்லை.

நம் கையில் இருந்தது ரெஜிஸ்ட்ராரின் முறைகேட்டு முகவரி. இதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். "என் கடைப் பெயரைத் திருடிவிட்டார்கள், படத்தைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதினால் ரெஜிஸ்ட்ரார் "உள்ளடக்கம் எங்கள் பொறுப்பில்லை, நீதிமன்றம் போங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். 2024 ஏப்ரல் 5 முதல் ஐகேன் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் அமலில் இருக்கிறது. ஃபிஷிங் (வேறொருவர்போல் நடித்து விவரம் பறிப்பது), மால்வேர் (தீங்கு நிரல்), பாட்நெட் (கைப்பற்றிய கணினிகளின் கூட்டம்), ஃபார்மிங் (போலித் தளத்துக்குத் திருப்பிவிடுவது), இவற்றைப் பரப்பும் ஸ்பாம் ஆகியவற்றுக்குச் செயல்படத்தக்க சான்று கொடுத்தால் ரெஜிஸ்ட்ரார் உடனடியாக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர். பதிப்புரிமை அந்தப் பட்டியலில் இல்லை. ஃபிஷிங் இருக்கிறது.

அந்தத் தளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தோம். சேலையைத் தேர்ந்தெடுத்ததும் கார்டு எண், முடியும் மாதம், சி.வி.வி. எல்லாம் கேட்கிறது. கொடுத்தால் 'பரிவர்த்தனை தோல்வி' என்று சொல்லி ஒரு க்யூ.ஆர். கோடைக் காட்டி யூ.பி.ஐ.யில் கட்டச் சொல்கிறது. கார்டு விவரமும் போச்சு, பணமும் போச்சு. வேறொரு கடையின் பெயரைச் சொல்லிக் கார்டு விவரத்தைப் பறிப்பது ஃபிஷிங்தான், அதில் வாதத்துக்கு இடமில்லை. மின்னஞ்சலில் படங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பக்கத்தின் முழு முகவரி, தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட்கள், கார்டு கேட்கும் பக்கம், க்யூ.ஆர். பக்கம், காவல் துறைப் புகாரின் ஒப்புகை எண், கடையின் ஜி.எஸ்.டி. சான்றிதழ். அவ்வளவுதான். சி.டி.என். நிறுவனத்துக்கும் அதே கடிதம் போனது.

அந்த வாரக் கடைசியில் பதிவை மறுபடி பார்த்தபோது நிலை வரியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: 'கிளையன்ட் ஹோல்ட்'. இந்த நிலை வந்தால் பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆனால் இணையத்தில் எங்கேயும் போய்ச் சேராது. தளமும் திறக்காது, மின்னஞ்சலும் விழாது. ரெஜிஸ்ட்ராரிடமிருந்து எங்களுக்குத் தனியாகப் பதில் எதுவும் வரவில்லை. வேலை நடந்ததைச் சொன்னது பதிவு மட்டும்தான்.

உரிமையாளர் விவரத்தையும் கேட்டுப் பார்த்தோம். ஐகேன் 2023 நவம்பரில் தொடங்கிய விண்ணப்ப முறை ஒன்று இருக்கிறது, கட்டணம் இல்லை. மறைக்கப்பட்ட விவரம் எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதில் சேருவது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம். கொடுப்பதா வேண்டாமா என்பதும் அவர் முடிவு. இந்த ரெஜிஸ்ட்ரார் அதில் சேரவில்லை. நேரடியாக எழுதினோம், "நீதிமன்ற உத்தரவோடு வாருங்கள்" என்று பதில் வந்தது.

பெயரைத் திரும்பப் பெறுவது

வழி இல்லாமல் இல்லை. 1999-இல் ஐகேன் கொண்டுவந்த யூ.டி.ஆர்.பி. என்ற தகராறுத் தீர்வு முறை உண்டு. பெயர் நம் வணிகக்குறியோடு குழப்பம் தரும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் — இந்த மூன்றையும் நிரூபிக்க வேண்டும். வழக்குப் பதிவானதும் ரெஜிஸ்ட்ரார் பெயரைப் பூட்டிவிட்டு உரிமையாளர் விவரத்தையும் நடுவர் அமைப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது இதில் ஒரு லாபம். கடைக்குப் பதிவான டிரேட்மார்க் கிடையாது. 'மதுரை சுங்குடி' என்பதற்குப் புவிசார் குறியீடு இருந்தாலும் அது ஊருக்குப் பொதுவானது, ஒரு கடைக்குச் சொந்தமில்லை. ஆனால் நீண்டகாலப் பயன்பாட்டால் பெயருக்கு வந்த மதிப்பையும் நடுவர்கள் கணக்கில் எடுப்பார்கள். பழைய பில், விளம்பரம், பொருட்காட்சி ரசீது எல்லாம் கடைக்காரரின் கோப்பில் தாராளமாக இருக்கிறது. இந்தியாவிலும் டொமைன் பெயருக்கு வணிகக்குறிபோலவே பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகலாம்.

செலவு? இந்த வழக்குகளை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவருக்கே 1,500 டாலர். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல், வக்கீல் செலவு தனி. கடைக்காரர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "அந்தக் காசைக் கட்டுக்காரம்மாக்களுக்குக் கூலியாக் குடுத்துட்டுப் போறேன் தம்பி. பேர் வேற வாங்கிக்கிருவோம்."

எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. விற்பனையில் பெரும்பகுதி வாட்ஸப்பிலும் நேரிலும் நடக்கிற கடைக்கு அந்தப் பெயர் ஒன்றேகால் லட்சம் பெறாது. இணையத்திலேயே பிழைக்கிற கடையாக இருந்திருந்தால் வழக்குப் போடச் சொல்லியிருப்பேன்.

புதிய பெயர் டாட் இன்னில் எடுத்தோம். அதன் பதிவேட்டை நடத்துவது நிக்சி என்ற இந்திய அமைப்பு. அங்கே உரிமையாளரை மறைக்கும் ப்ராக்ஸி சேவைக்கு அனுமதி இல்லை. தனிநபர் விவரம் மறைந்திருந்தாலும் நிறுவனத்தின் பெயரும் மாநிலமும் தேடுகிறவருக்குத் தெரியும். கடைக்கு அது நல்லதுதான். இப்போது தேடினால் நிறுவனப் பெயர் என்ற வரியில் கடையின் பெயர், மாநிலம் தமிழ்நாடு. கணக்கு கடைக்காரர் பெயரில், மின்னஞ்சல் அவருடைய சொந்த ஜிமெயில், மொபைல் எண் கல்லாவில் இருக்கும் போன். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது.

டொமைனைவிடக் கட்டைப்பைதான் அதிகம் படுத்தியது. பழைய முகவரி அச்சடித்த பைகள் ஒரு அறை நிறைய. தூக்கிப் போட மனமில்லை. ரப்பர் ஸ்டாம்ப் செய்து பழைய வரியின் மேல் கறுப்புப் பட்டை அடித்து, கீழே புதிய முகவரியை வைத்தார்கள். கூகுள் பக்கம், ஊர் வணிகப் பட்டியல்கள், பொருட்காட்சிக் கையேடு என்று பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்த இடங்களைத் தேடி மாற்றும் வேலை மருமகனுடையது. அது இன்னும் முழுதாக முடியவில்லை.

பழைய பெயர் இதை எழுதும்போதும் 'கிளையன்ட் ஹோல்ட்'டில்தான் இருக்கிறது. அதைப் பதிந்து வைத்திருக்கும் ஆள் ரெஜிஸ்ட்ராரைச் சமாதானப்படுத்தி நிலையை எடுக்க வைக்கலாம் என்பதால் வாரம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பையும் மருமகனிடமே கொடுத்திருக்கிறோம். 2026 ஏப்ரல் 30 தாண்டியதும் ரெஜிஸ்ட்ரியின் பதிவில் 2027 என்று காட்டும். அதைப் பார்த்துப் புதுப்பித்துவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம், ரெஜிஸ்ட்ராரின் தேதியையும் சேர்த்துப் பார் என்று மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெயரைப் பதிந்தவன் கட்டாமல் விட்டால் அது அதிகபட்சம் ஜூலை 19 வாக்கில் விழும். விழும் பெயரைப் பிடித்துத் தரும் முன்பதிவுச் சேவை ஒன்றில் ஆர்டர் போட்டாகிவிட்டது; பெயர் கிடைத்தால்தான் பணம்.